ஆச்சி வீட்டு மச்சுப்படி

நாகர்கோவில்,
ஐப்பசி மாதம்.

அன்புள்ள மக்கா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. மழையில் கரண்ட் இல்லை, மூக்குக்கண்ணாடி உடைந்துவிட்டது என்று ஏதாவது சாக்குச் சொல்லலாம். ஆனால் நீ எழுதியிருந்த லிஸ்ட்தான் காரணம். தை மாதம் பேத்தியோடு வருகிறாய், அவளுக்குக் காட்ட ஏழு இடம் குறித்திருக்கிறாய். ஏழில் ஐந்து இப்போது இல்லை. போனில் சொல்லியிருக்கலாம்தான். சொன்னதும் நீ பேசாமல் இருப்பாய், நானும் பேசாமல் இருப்பேன், ரெண்டு கிழவன்கள் போனைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அதனால் எழுதுகிறேன்.

இருப்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மணிமேடை நிற்கிறது. 1893-இல் ஸ்ரீமூலம் திருநாள் மகாராஜா திறந்து வைத்த அதே மணிக்கூண்டு. பேனர்களுக்கு நடுவே எட்டிப் பார்த்தால் மணி தெரியும்.

பத்மநாபபுரம் அரண்மனையும் பத்திரம். 1956-இல் நாம் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது அரண்மனை மட்டும் கேரளத்தின் கையில் நின்றுபோனதற்கு நீயும் நானும் பள்ளிக்கூடத்தில் எவ்வளவு ரோஷப்பட்டிருக்கிறோம்! இப்போது போனால் எனக்கு வேறு மாதிரித் தோன்றுகிறது. நம்மிடம் கொடுத்திருந்தால் தாய்க்கொட்டாரத்து மரத்துக்கு எவனாவது விலை பேசியிருப்பான். அந்தக் கறுப்புத் தரையில் பேத்தியை வெறுங்காலோடு நடக்கவிடு. சிரட்டைக்கரியும் முட்டை வெள்ளையும் சேர்த்துத் தேய்த்த தரை என்று கைடு சொல்லுவார், கேட்டுக்கொள்ளட்டும்.

மற்றவை இனி. மணக்குடிப் பழைய பாலத்தை நீ எப்படி லிஸ்டில் சேர்த்தாய்? 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி அதைப் பெயர்த்துக்கொண்டு போனது உனக்குத் தெரியாதா? தெரிந்திருக்கும், மனம் அதை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை போல. பழையாறு கடலில் சேரும் இடத்தில் சைக்கிளை நிறுத்திவிட்டுக் கட்டை மேல் உட்கார்ந்திருப்போமே, அந்தப் பாலம். புதுப் பாலம் வந்துவிட்டது. அதில் உட்காரத் தோன்றியதில்லை.

நாம் மேட்னி பார்த்த தியேட்டர் கல்யாண மண்டபமாகி, அதுவும் போய், இப்போது துணிக்கடை. பஸ்ஸில் மட்டும் இன்னும் பழைய பெயர் சொல்லித்தான் டிக்கெட் கேட்கிறார்கள்.

வழிப்போக்கர் தங்கும் வழியம்பலமும் சுமைதாங்கியும் போன கதையில் எனக்குப் பங்கு உண்டு. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, உன்னிடம் சொல்லலாம். ரோட்டை அகலப்படுத்த வரைபடம் போட்டவர்களில் நானும் ஒருவன். ரோட்டின் நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் அளந்து சிவப்பு மையில் கோடு இழுத்தேன். அந்தக் கோட்டுக்குள் கல்தூண் வைத்த வழியம்பலம் முக்கால்வாசி விழுந்தது, சுமைதாங்கி முழுதாக விழுந்தது. தாளில் அது அரை இஞ்ச் கூட இல்லை மக்கா. ரெண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைக் குறுக்கே போட்டது, அவ்வளவுதானே. கோட்டாறு சந்தைக்குத் தலைச்சுமையாகக் கொண்டுபோனவர்கள் இன்னொருத்தர் கை உதவி இல்லாமல் சுமையை இறக்கி ஏற்ற, தலை உயரத்துக்குக் கணக்காக வைத்த கல். பிள்ளை பெறாமல் வயிற்றோடு செத்துப்போன பெண்ணின் பெயரில் வீட்டார் நாட்டி வைப்பது வழக்கம் என்று உன் ஆச்சிதான் நமக்குச் சொன்னாள். இறக்க முடியாமல் போன சுமைக்குப் பதிலாக ஊரார் சுமையை இறக்கிக்கொள்ளட்டும் என்று. அது எனக்குத் தெரிந்திருந்தும் கோட்டை நேராகத்தான் இழுத்தேன். கல்லைப் பெயர்த்து ஓரமாக நட்டிருக்கலாம். அப்படி ஒரு குறிப்பு எழுத ரெண்டு வரி போதும். யாரும் எழுதச் சொல்லவில்லை, நானும் எழுதவில்லை.

சரி, அப்புறம் ஆச்சி வீடு.

நீங்கள் விற்றதைக் குறை சொல்ல வரவில்லை. பங்குக்காரர்கள் ஒன்பது பேர், நாலு பேர் வெளிநாட்டில். வருஷா வருஷம் ஓடு மாற்ற ஆள் கிடையாது, கூரையைத் தாங்கும் கழுக்கோலில் கரையான். கல்ஃப் பணம் வந்த காலத்தில் எங்கள் தெருவிலும் ஒவ்வொன்றாக கான்கிரீட் வார்ப்பு வீடாக மாறியதுதான். எங்கள் வீட்டை நானே முன்னின்று மாற்றினேன். முதல் கோடையில் மொட்டைமாடிச் சூட்டில் படுத்துக்கொண்டு அம்மா திட்டியது இன்னும் காதில் இருக்கிறது.

ஆனால் உங்கள் வீட்டைப் பிரித்ததை நான் பார்த்தேன். நாலு நாள். அதை உனக்கு எழுதியதே இல்லை.

நம் ஊரில் வீட்டை இடிக்கிறது என்று சொல்வதில்லை, பொளிக்கிறது என்போம். மலையாளத்திலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட சொல்தான், ஆனால் அந்த நாலு நாளும் பார்த்தபோது இடிப்பு என்ற சொல் அதற்குப் பொருந்தாது என்று பட்டது. சுத்தியல் அடியே கொஞ்சம். முதல் நாள் ஓடு இறக்கினார்கள். ஓட்டின் முதுகில் கம்பெனிப் பெயரும் ஊர்ப் பெயரும், சிலவற்றில் கொல்லம், சிலவற்றில் பெரோக்கு. பாசல் மிஷன் பாதிரிமார்கள் 1865-இல் மங்களூரில் ஓட்டுச் சூளை தொடங்கிய பிறகுதானே இந்த ஓடு நம் பக்கம் பரவியது. உன் பாட்டாவின் அப்பா காலத்தில் அதே கூரைக்கு ஓலைதான் என்று ஆசாரி மரத்தைப் பார்த்தே சொன்னார். கழுக்கோலின் சாய்வு ஓலைக்கு ஏற்ற சாய்வாம். ரெண்டாம் நாள் ஓட்டைத் தாங்கிய பட்டியல் சட்டங்களைக் கழற்றிவிட்டு, கழுக்கோல்களை ஊடுருவிக் கோத்திருந்த வளையை உருவினார்கள். ஆணி இல்லை மக்கா. ஆப்பும் துளையும்தான். எந்த வரிசையில் பூட்டினார்களோ அதற்கு நேர் எதிர் வரிசையில் கழன்று வருகிறது. ஆசாரி ஒவ்வொரு மரத்திலும் சாக்பீஸால் நம்பர் போட்டார். சாமி கும்பிடும் தெக்கதுக்கு மட்டும் நம்பர் போடுவதற்கு முன் கும்பிட்டுக்கொண்டார். மூன்றாம் நாள் நிரைப்பலகைச் சுவர், மச்சு. நாலாம் நாள் லாரி. மிஞ்சியது கல்தரையும் கிணறும்.

வாங்கியவர் மலையாளக் கரையில் ஏதோ ரிசார்ட்டுக்கு என்றார். மறுபடி பூட்டியிருப்பார்கள், நம்பர்தான் இருக்கிறதே. உன் ஆச்சி நெல் அளந்த அறப்புரையில், அந்த நெல் அறையில், யாரோ எண்ணெய் தேய்த்துக்கொண்டு படுத்திருக்கலாம். கோபம் வந்தது, பிறகு போய்விட்டது. உத்தரம் அடுப்புக்குப் போகவில்லையே. சென்னையில் உன் வீட்டிலிருந்து முட்டுக்காடு பக்கம்தானே? அங்கே தட்சிணசித்ரா மியூசியத்தில் கேரளத்து வீடுகளை இப்படித்தான் பிரித்துக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். இங்கே வருவதற்கு முன் பேத்தியை அங்கே ஒரு நாள் கூட்டிப் போ. நான் போனபோது ஒரு திண்ணையில் உட்கார்ந்து எழுந்திருக்க மனமில்லாமல் இருந்தேன். ஒரே குறை, அடுக்களையில் புகை வாசனை இல்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மூன்று மாதமாக ஒரு வேலை செய்துகொண்டிருக்கிறேன். பழைய கணக்கு நோட்டில் போன கட்டடங்களுக்கு வரைபடம் போடுகிறேன். போட்டோ தேடினேன், பிரயோஜனமில்லை. எல்லாப் போட்டோவிலும் கல்யாண மாப்பிள்ளையும் பெண்ணும் நிற்கிறார்கள், வீடு அவர்கள் முதுகுக்குப் பின்னால் ஒரு தூணும் அரை ஜன்னலும்தான். அதனால் நினைவிலிருந்து போடுகிறேன். சிவப்பு மை வாங்கவில்லை, பென்சில் மட்டும்.

உங்கள் வீட்டுக்கு என்னிடம் ஒரு துருப்பு இருந்தது. பொளித்த அன்று அறப்புரையை அளந்து சிகரெட் அட்டையில் எழுதி வைத்திருந்தேன். அடி, இஞ்சில் எழுதியது. அதை வைத்து மற்ற அறைகளைக் கணக்குப் போட்டால் ஒன்றோடொன்று ஒட்டவே மாட்டேன் என்றது, எல்லாம் அரையும் காலுமாக. ஒரு ராத்திரி மூளையில் பட்டது. நான் என் கோலால் அளக்கிறேன், கட்டினவன் அவன் கோலால் கட்டியிருக்கிறான். ஆசாரிக் கோல், 24 விரல், ஏறக்குறைய 72 சென்டிமீட்டர். அதில் மாற்றிப் போட்டதும் அறப்புரை முழு எண்ணில் வந்து உட்கார்ந்தது. அதைப் பிடித்துக்கொண்டு நடை வந்தது, முற்றம் வந்தது, தலை இடிக்கும் அந்த நிலைப்படி கூட வந்தது. ராத்திரி ஒன்றரை மணி. வீட்டுக்காரி எழுந்து வந்து, என்ன தனியாகச் சிரிக்கிறீர்கள் என்று கேட்டாள்.

ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டேன், மச்சுப்படி. அடுக்களைப் பக்கத்துச் சுவரை ஒட்டி ஏறியது என்று நான் போட்டேன், ஏறும்போது வலது தோள் சுவரில் உரசும். உன் தங்கச்சியைக் கோயிலில் பார்த்தபோது கேட்டேன். இல்லண்ணே, இடது தோள்தான், மாங்காய் திருடப் போகும்போதெல்லாம் இடது கையால்தானே சுவரைப் பிடிப்பேன் என்கிறாள். அவள் சொல்கிறபடி என்றால் படி முற்றத்துப் பக்கமிருந்து ஏற வேண்டும், என் கணக்கில் அங்கே இடம் இல்லை. ஆனால் அவள் பிறந்து வளர்ந்த வீடு, நான் விளையாட வந்தவன்.

என் படத்தை வேண்டுமென்றே இதோடு அனுப்பவில்லை. பார்த்தால் உனக்கும் அப்படியே தோன்றிவிடும். நீ தனியாக உட்கார்ந்து ஒன்று வரை. கோணல்மாணலாக இருந்தால் போதும், அளவெல்லாம் வேண்டாம். முக்கியமாகப் படி: இருட்டில் ஏறுவதாக நினைத்துக்கொள், எந்தக் கை சுவரைத் தேடுகிறது? மொத்தம் எத்தனை படி? எனக்கு ஒன்பது, கடைசிப் படி கொஞ்சம் உயரம்.

வரும்போது கிராஃப் பேப்பர் ஒரு கட்டு வாங்கி வா. இங்கே கடைக்காரன் பரீட்சை சமயத்தில் வாருங்கள் என்கிறான்.

உன் பழைய பெஞ்சுக் கூட்டாளி