கொலுசுக் கணக்கும் ஒரு சிவப்பு எழுத்தும்

அன்புள்ள முருகேசா,

ஆடிப் பண்டிகைக்கு வருவதாகச் சொல்லி ஏமாற்றிய உன்னைத் திட்டத்தான் எழுத உட்கார்ந்தேன். அதை நேரில் வைத்துக்கொள்கிறேன். வீட்டில் எல்லோரும் நலம்.

செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசு வியாபாரிக்கு, பைத்தானில் வலைச் செயலி கட்ட உதவும் ஜாங்கோவில் கணக்குப் பதிவேடு செய்து தருகிறேன். எந்தப் பட்டறைக்கு எவ்வளவு வெள்ளி போனது, எவ்வளவு கொலுசாகத் திரும்பியது, சேதாரம் எவ்வளவு என்பதுதான் விஷயம். பதிவுகளைப் பார்க்கவும் திருத்தவும் ஜாங்கோ தானாகவே தரும் அட்மின் பக்கத்தை முதலில் திறந்தபோது ‘பட்டுவாடா ஆப்ஜெக்ட் (1)’, ‘பட்டுவாடா ஆப்ஜெக்ட் (2)’ என்று நின்றதைப் பார்த்துக் கணக்குப்பிள்ளை, “இதென்ன, ரேஷன் கடை டோக்கனா?” என்றார்.

பதிவின் அமைப்பை வரையறுக்கும் மாடலில், அது எந்தப் பெயரில் தெரிய வேண்டும் என்று சொல்லும் எஸ்டிஆர் (__str__) மெத்தடை எழுதினால் அது மாறிவிடும். நீயானால் பட்டறை, தேதி, எடை எல்லாவற்றையும் அதிலேயே திணித்திருப்பாய். அதே பெயர்தான் மற்றப் படிவங்களின் தேர்வுப் பட்டியலிலும், அழிக்கும்முன் கேட்கும் பக்கத்திலும் வருகிறது என்பதால் அங்கே அடையாளம் மட்டும் போதும். விவரத்துக்கு, பட்டியலில் எந்தெந்தப் பத்திகள் (நெடுவரிசைகள்) தெரிய வேண்டும் என்று சொல்லும் லிஸ்ட் டிஸ்ப்ளே இருக்கிறது. நிலுவை எடை, அதாவது இன்னும் திரும்பாத வெள்ளி, தரவுத்தளத்தில் தனிப் புலமாக இல்லாததால் அதைக் கணக்கிடும் மெத்தடாக எழுதி, ஜாங்கோ 3.2இல் வந்த டிஸ்ப்ளே டெக்கரேட்டரால் தமிழ்த் தலைப்பு வைத்தேன். கணக்கிட்டு வரும் அத்தகைய பத்தியைத் தானாக வரிசைப்படுத்த முடியாது. தரவுத்தளத்திலிருந்து பதிவுகளை எடுக்கும் குவெரிசெட்டில் அன்னோட்டேட் செய்து, அதாவது அந்தக் கணக்கைத் தரவுத்தளத்தையே போடவைத்து, அந்தப் பெயரை டெக்கரேட்டரின் ஆர்டரிங்கில் கொடுத்த பிறகே அதிக நிலுவை மேலே ஏறியது. பட்டறையின் ஊரையும் மெத்தட் வழியாகக் காட்டுவதால், தொடர்புடைய பதிவையும் ஒரே வினவலில் சேர்த்து எடுக்கும் லிஸ்ட் செலக்ட் ரிலேட்டட் கட்டாயம். இல்லையென்றால் பக்கத்தின் 100 வரிக்கும் தனித்தனி வினவல் ஓடும்.

அட்மின் நம்மைப் போன்ற புரோகிராமர்களுக்கே என்று நீ பழைய பல்லவியைத் தொடங்குவாய். 2005இல் வெளியான ஜாங்கோ, கான்சஸில் ஒரு நாளிதழ் அலுவலகத்தில் உருவானது. செய்தியறையில் இருந்தவர்கள் எல்லோரும் புரோகிராமர்களா? அட்மின், நிறுவனத்துக்குள் இருப்பவர்கள் புழங்குவதற்கான கருவி என்றுதான் ஜாங்கோவின் ஆவணமும் சொல்கிறது. கணக்குப்பிள்ளையைவிட உள்ளே இருப்பவர் யார்?

இப்போது என்னை உறுத்துவது வேறு. நிலுவை உள்ள பட்டறைகளின் பெயரைச் சிவப்பில் காட்டும்படி முதலாளி கேட்கிறார். நிறத்தைப் பாதுகாப்பாகச் சேர்க்க உதவும் ஃபார்மட் எச்டிஎம்எல் கொண்டு இரண்டு வரியில் முடியும் வேலைதான். ஆனால் பற்றவைத்து மெருகுக்காகக் காத்திருக்கும் வெள்ளியும், திரும்பவே வராத வெள்ளியும் அந்தப் பத்தியில் ஒரே எண்ணாகத்தான் விழுகின்றன. சிவதாபுரத்தில் ஒழுங்காக வேலை செய்துகொண்டிருக்கும் ஒருவரின் பெயர் காலை முதல் மாலை வரை சிவப்பில் தெரிந்தால், அடுத்த முறை அவருக்கு வெள்ளி நிறுக்கும் கை தயங்காதா? ‘வேலையில்’, ‘தவணை தாண்டியது’ என்று இரண்டு பத்தியாகப் பிரித்து, பின்னதற்கு மட்டும் நிறம் தரலாம் என்றேன்; அரைமனதாகத் தலையாட்டியிருக்கிறார்.

அதற்குத் தவணை நாள் வேண்டும். உன் அப்பா பட்டறை நடத்தியவர். எத்தனை நாள் தாண்டினால் தாமதம் என்று கொள்வார்கள், கனத்த கொலுசுக்கு வேறு கணக்கு உண்டா என்று அவரிடம் கேட்டு உடனே எழுது.

அன்புடன்,
செல்வம்