காபிக்கொட்டைக்கு வந்த பழி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற வார இதழின் துணுக்குப் பகுதியில் 'உங்கள் காபியில் பூனை மூத்திரம்!' என்று தலைப்புப் போட்டிருந்தீர்கள். கும்பகோணத்தில் 32 வருடமாகக் காபிக்கொட்டை வறுத்து அரைத்து விற்கிறேன். மாதாமாதம் அரைக் கிலோ வாங்கும் ஒரு மாமி, அந்தப் பக்கத்தை நாலாக மடித்துக் கொண்டுவந்து கல்லா மேல் விரித்து வைத்து, "இது நிஜமா?" என்று கேட்டார். அன்றைக்கு அவர் வாங்கிப் போனது 100 கிராம்.

3-மெர்காப்டோ-3-மெத்தில்பியூட்டனால் என்ற கந்தகச் சேர்மம் பூனையின் சிறுநீரிலும் இருக்கிறது, வறுத்த காபியிலும் இருக்கிறது. சரி, அதை மறுக்கவில்லை. ஆனால் பூனையிடம் அது ஃபெலினைன் என்ற அமினோ அமிலம் உடைந்து வருவது. காபியிலோ கொட்டை வறுபடும் சூட்டில் தானாக உண்டாவது, அதுவும் இம்மியளவு. தங்களுக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் தலைப்பில் மூத்திரத்தை ஏன் கொண்டுவந்தீர்கள்?

காபி மணத்தில் கந்தகச் சேர்மங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. ஃபர்பியூரில் தயால் என்ற கந்தகச் சேர்மம் காபியில் இருப்பதை ஸ்டாடிங்கர், ரைக்ஸ்டைன் என்ற இரண்டு வேதியியலாளர்கள் 1926-லேயே சொல்லிவிட்டார்கள். இருவருமே பிற்பாடு நோபல் பரிசு வாங்கியவர்கள். அந்தத் தயாலே கொஞ்சம் கூடினால் மூக்கைப் பொத்த வைக்கும். பச்சைக் கொட்டையை ஒரு பிடி அள்ளி முகர்ந்தால் காய்ந்த புல் வாடைதான். டிரம்மில் சுற்றிச் சுற்றி, படபடவென்று வெடித்து, நிறம் கறுக்கத் தொடங்கும்போதுதான் வாசனை தெருமுனைக்குப் போகும்.

சிக்கரி விஷயத்திலும் இப்படித்தான் செய்தீர்கள். சிக்கரி சேர்ப்பதே கலப்படம் என்று இரண்டு வருடத்துக்கு முன் எழுதினீர்கள். 49 சதவீதம் வரை சேர்க்கலாம், அளவைப் பாக்கெட்டில் போட வேண்டும் என்பதுதான் சட்டம். நான் எண்பதுக்கு இருபது என்று எழுதி ஒட்டித்தான் விற்கிறேன். அப்போது போட்ட கடிதத்துக்கு இன்றுவரை பதில் இல்லை. நெடுஞ்சாலை நெடுக எங்கள் ஊர்ப் பெயரில் டிகிரி காபிப் பலகை மாட்டியிருக்கிறார்கள். அதைப் பற்றி ஒரு வரி எழுதியதில்லை.

அதே துணுக்குப் பகுதியில், அதே அளவு எழுத்தில், 'காபியில் பூனையின் சிறுநீர் கலப்பதில்லை' என்று ஒரு வரி போடுங்கள். அடுத்த மாதம் மாமி வரும்போது அதை நான் கல்லா மேல் விரித்து வைக்க வேண்டும்.

இப்படிக்கு,
காபிப்பொடிக் கடைக்காரர்,
கும்பகோணம்