மஞ்சள் தொப்பியும் எங்கள் மலைச் சாலையும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

என் மகள் குடும்பத்தோடு ஜப்பானில் சைதாமாவில் இருக்கிறாள். அங்கே பள்ளி ஆண்டு ஏப்ரலில் தொடங்குகிறது, பேரன் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த சமயம் நான் போயிருந்தேன். ஆறு வயசுப் பிள்ளை மஞ்சள் தொப்பியும் ரான்டோசெரு என்கிற கனமான முதுகுப் பையும் மாட்டிக்கொண்டு, தெருப் பிள்ளைகளோடு வரிசையாக நடந்தே கிளம்பியதும் எனக்கு நெஞ்சு படபடத்துவிட்டது. "நீ கூடப் போகலையாடி?" என்றேன். "ஆறாவது படிக்கிற அண்ணன் முன்னாடி போறான்மா, முனையில கொடியோட பெரியவர் நிக்கிறார்" என்றாள். மதியம் வகுப்பில் பிள்ளைகளே வெள்ளை ஏப்ரன் கட்டிச் சோறு பரிமாறுகிறார்கள், அப்புறம் வகுப்பறையையும் அவர்களே துடைக்கிறார்கள்.

மகளுக்குக் கஷ்டம் இல்லாமல் இல்லை. சின்னவளுக்கு உடம்பு 37.5 டிகிரி சுட்டாலே காப்பகத்திலிருந்து போன் வரும், வேலையைப் போட்டுவிட்டு ஓடவேண்டும், கைமாற்ற அம்மாவோ அத்தையோ பக்கத்தில் இல்லை.

சரி, கோத்தகிரிக்கு வருகிறேன். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளும் நடந்துதான் போகிறார்கள், ஆனால் நடைபாதை இல்லாத வளைவுகளில், சீசன் வண்டிகளுக்கு ஒதுங்கி, தேயிலைச் சரிவில் காட்டெருமை நிற்கிறதா என்று பார்த்துப் பார்த்து. பள்ளிக்குப் போகும் பாதையிலாவது நடைபாதை போடுங்கள். காலையும் மாலையும் அரை மணி நேரம் கொடி பிடித்து நிற்க என்னைப் போல ஓய்வு பெற்றவர்கள் தயார், அனுமதி கொடுத்தால் போதும்.

ஒரு பாட்டி,
கோத்தகிரி