என் பாதத்தைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு

தாராவி 90 அடி ரோட்டுப் பக்கம் வரிசை வீட்டுக் குடியிருப்பான எங்கள் சாலில் குடியிருக்கும் எல்லாருக்கும் வணக்கம்.

சின்ன வயதில் போலியோ வந்து என் இடது கால் சூம்பிப் போனதும், காலைத் தாங்கும் காலிபர் சட்டம் மாட்டித்தான் நடக்கிறேன் என்பதும் உங்களுக்குத் தெரியும். போலியோ பலத்தை எடுத்ததே தவிர உணர்ச்சியை விட்டுவைத்தது. எறும்பு கடித்தால்கூடத் தெரியும். அப்புறம் சுகர் வந்தது. வருஷம் போகப் போக இரண்டு பாதமும் மரத்துவிட்டன. டாக்டர் நைலான் இழையால் பாதத்தை அழுத்தி, "தெரியுதா?" என்று கேட்டபோது, அவர் தொட்டதே எனக்குத் தெரியவில்லை.

போன மழைக்காலத்தில் ஒரு நாள், வீட்டுக்குள்தானே என்று வலது காலில் செருப்பில்லாமல் இருந்தேன். என் தையல் மெஷினின் உடைந்த ஊசித் துண்டு பாதத்தில் ஏறியிருக்கிறது. நான் பாட்டுக்கு நடமாடிக்கொண்டிருந்தேன். பிளவுஸ் வாங்க வந்த எதிர் வீட்டுப் பாப்பாதான், "அத்தை, கீழே பாருங்க" என்றாள். மெஷினிலிருந்து அடுப்பு வரை பொட்டுப் பொட்டாக ரத்தம்.

புண் ஆறும்வரை அந்தக் காலை ஊன்றக் கூடாது என்றார்கள். என் எடை முழுவதையும் தாங்குவதே அந்தக் கால்தான். எப்படி நடப்பேன்?

நடக்கவே விடவில்லை நீங்கள். விடியற்காலையில் குழாயில் தண்ணீர் வரும்போது என் டிரம்முக்கும் சேர்த்துப் பிடித்த அக்காமார்களுக்கு நன்றி. கட்டு மாற்றப் போன ஒவ்வொரு முறையும் படியில் என்னைத் தூக்கி இறக்கிய தம்பிகளே, உங்கள் தோள்பட்டை வலி எனக்குத் தெரியும்.

கீழ்க் கடை அண்ணாச்சி, என்னிடம் பிரிட்ஜ் இல்லை என்று என் இன்சுலினை உங்கள் பிரிட்ஜில் வைத்துக்கொள்கிறீர்கள். உறைந்துபோனால் அது வீண் என்று ஒரே ஒரு முறை சொன்னேன். அதற்காக நடுத் தட்டில் தயிருக்குப் பக்கத்தில் தனி டப்பா ஒதுக்கி, "தொடாதே" என்று தமிழிலும் மராத்தியிலும் எழுதி ஒட்டினீர்களே, அதை என்றும் மறக்க மாட்டேன்.

லோக்கல் ரயிலில் மாற்றுத்திறனாளிகள் பெட்டியில் பேனா விற்கும் கண் தெரியாத பெரியவருக்கு இதை யாராவது படித்துக் காட்டுங்கள். சயான் ஸ்டேஷன் வரும்போது எனக்கு சுகர் இறங்கி, வியர்த்துக் கொட்டியது. வியர்வை அவருக்குத் தெரியாது. நாக்கு குழறியதைக் கேட்டே கண்டுபிடித்து, டீக்காரரிடம் மூன்று ஸ்பூன் சர்க்கரை கரைத்து வாங்கிக் குடிக்க வைத்தார். கால் மணி நேரம் கழித்து சுகர் பார்க்கும் மெஷினில் பார்த்தபோது 82. அதற்கப்புறம்தான் என் பக்கத்திலிருந்து எழுந்தார்.

இப்போது வீட்டுக்குள்ளும், மரத்த பாதத்துக்கென்று மெத்தென்ற ரப்பரில் செய்யும் எம்.சி.ஆர். செருப்புதான். தினமும் ராத்திரி எட்டு மணிக்குப் பாப்பா டார்ச்சோடு வந்து, விரல் இடுக்கு முதல் குதிகால் வரை பார்த்துவிட்டு, "சரி அத்தை" என்கிறாள். அந்தச் "சரி" கேட்ட பிறகுதான் எனக்குத் தூக்கம் வரும்.

பாப்பா, உனக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை வருகிறது. அதுவரை அம்மாவை அனுப்பு, நீ படி. உன் புது சுடிதாருக்குத் துணி எடுத்து வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வந்து அளவு கொடு.