மாமனார் மட்டுமா வில்லன்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஹங்கேரி இயக்குநர் பேலா தார் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஏழு மணி நேரத்துக்கும் மேல் ஓடும் ‘சாத்தான்டாங்கோ’வுக்குப் பக்கம் பக்கமாக இடம் கொடுத்த கட்டுரையாளர், தாரின் முதல் படமான ‘ஃபேமிலி நெஸ்ட்’டை ஒரே பத்தியில் முடித்துவிட்டார். அதுகூடப் பரவாயில்லை. கொடுமைக்கார மாமனாரிடம் சிக்கிய மருமகளின் கதை என்று அதைச் சுருக்கியதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

மாமனார் நல்லவர் என்று நான் சொல்ல வரவில்லை. மகன் லட்சி ராணுவச் சேவை முடித்து வந்ததிலிருந்து, “நீ இல்லாதபோது உன் பெண்டாட்டி ஒழுங்காக இல்லை” என்கிற ரீதியில் அவன் காதில் ஓதிக்கொண்டே இருக்கிறார். நமக்கே காது புளித்துப்போகிறது. அப்புறம் பார்த்தால் வெளியே வேறொரு பெண்ணிடம் வழிந்துகொண்டிருக்கிறார்! ஆனால் இந்தப் பேச்சுக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது? புடாபெஸ்ட்டில் ஒரு சின்னக் குடியிருப்பு. அதற்குள் மாமனார், மாமியார், அவர்களுடைய பிள்ளைகள், மருமகள் இரேன், அவளுடைய சிறுமி என்று அத்தனை பேர். புருஷனும் பெண்டாட்டியும் தனியாக நாலு வார்த்தை பேசித் தீர்த்துக்கொள்ள ஒரு மூலை கிடையாது. கேமரா ஏன் முகத்தை விட்டு நகர மறுக்கிறது என்பதும் இதில்தான் புரிகிறது. பின்வாங்கி நிற்க அங்கே இடமே இல்லை.

அன்றைய ஹங்கேரியில் வீடு கட்டவே இல்லை என்றும் நினைத்துவிட வேண்டாம். 1961 முதல் 1975 வரை 15 ஆண்டுகளில் 10 லட்சம் வீடுகள் என்று திட்டம் போட்டு, அதைக் கட்டியும் முடித்தார்கள். சோவியத் தொழில்நுட்பத்தில், தொழிற்சாலையில் வார்த்த கான்கிரீட் பலகைகளைக் கோத்து எழுப்பிய அடுக்ககங்கள் பல அதில் அடக்கம். அப்படியும் தலைநகரில் தேவை தீரவில்லை. அரசு வீடு வேண்டுமென்றால் உள்ளூர் மன்றத்தின் பட்டியலில் பெயர் வர வேண்டும். இரேன் அந்த அலுவலகத்துக்குப் போய் வாதாடும் காட்சியைக் கட்டுரையாளர் குறிப்பிட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் எதைச் சொன்னாலும் பொறுத்திருங்கள் என்பதுதான் பதில். கடைசியில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு, காலியாகக் கிடக்கும் ஓர் இடத்தில் அனுமதியில்லாமல் குடியேறுகிறாள்.

கட்டுரை தொடாமலே விட்ட இன்னொன்றும் உண்டு. இரேனைப் பார்க்க வரும் தோழி, ஐரோப்பாவில் ஒதுக்கப்பட்ட சிறுபான்மையினரான ரோமா இனத்தவள். அவளை, அவள் திரும்பிப் போகும் வழியில் லட்சியும் அவன் சகோதரனும் சேர்ந்து பாலியல் வன்முறை செய்கிறார்கள். பிறகு எதுவுமே நடக்காததுபோல அவளையும் கூட்டிக்கொண்டு குடிக்கப் போகிறார்கள். வன்முறையைவிட அந்தச் சாதாரணம்தான் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இதற்கு வீட்டு நெருக்கடியைக் காரணம் சொல்ல முடியுமா? முடியாது, தாரும் சொல்லவில்லை. பின்னால் இதே லட்சி கேமராவைப் பார்த்து அழும்போது, பாவம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆண் விமர்சகர்கள் பலர் இந்தக் காட்சியை ஏன் தாண்டிப் போகிறார்கள் என்று தெரியவில்லை.

தொழில்முறை நடிகர்கள் இல்லாமல், இளம் இயக்குநர்களுக்கான பேலா பலாஷ் ஸ்டுடியோவின் ஆதரவில், மிகக் குறைந்த செலவில் சில நாட்களிலேயே எடுத்த படம் இது. அப்போது தாருக்கு வயது 22. ‘பயிற்சிப் படம்’ என்று கட்டுரை ஒதுக்கும் இதற்குத்தான் 1979-இல் ஜெர்மனியின் மான்ஹைம் திரைப்பட விழாவில் பெரும் பரிசு கிடைத்தது.

வீடு கிடைத்தால் எல்லாம் சரியாகிவிடுமா என்று கட்டுரையாளர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். தாரே 1982-இல் ‘ப்ரீஃபாப் பீப்பிள்’ எடுத்தார். அதில் வரும் தம்பதிக்கு அந்தக் கான்கிரீட் அடுக்ககத்தில் சொந்தமாக ஒரு வீடு இருக்கிறது, குழந்தைகள் இருக்கிறார்கள், சண்டையும் இருக்கிறது. இரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் பார்த்துவிட்டு அவர் இன்னொரு கட்டுரை எழுதட்டும். பக்கம் போதாது என்றால் ‘சாத்தான்டாங்கோ’வில் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
கோவை.