மருந்துக் கவரில் 1-0-1 வேண்டாம், மணியை எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காசநோய் தாக்கியோ வேறு காரணத்தாலோ சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பி கெட்டுப்போனவர்கள், அது தரும் கார்ட்டிசால் என்ற ஹார்மோனுக்கு ஈடாக ஆயுளுக்கும் ஹைட்ரோகார்ட்டிசோன் மாத்திரை போட வேண்டியவர்கள். அவர்களுக்கும் நம் ஊர் மருந்துக்கடைகளில் 1-0-1 (காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று) என்றே கவரில் எழுதித் தருகிறார்கள். வாங்கிப் போகிறவர் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றைப் போட்டுக்கொள்கிறார். தொல்லை அங்கேதான் தொடங்குகிறது.

நலமாக இருப்பவர் உடம்பில் தானாகச் சுரக்கும் கார்ட்டிசால் பின்னிரவு 2, 3 மணிக்கு ஏறத் தொடங்கி, விழிக்கும் நேரத்தை ஒட்டி உச்சத்துக்குப் போகும். நடுச்சாமத்தில் அடிமட்டத்துக்கு இறங்கிவிடும். மாத்திரையோ சுமார் ஒன்றரை மணி நேரத்திலேயே ரத்தத்தில் பாதியாகக் குறைகிறது. இரவு 9 மணிக்குப் போட்டால் தூக்கம் கெடும், சர்க்கரை ஏறும். விடிந்து எழும்போது உடம்பில் ஒன்றும் மிச்சம் இருக்காது; தலைசுற்றலும் குமட்டலும்தான் மிஞ்சும்.

பெரியவர்களுக்கு வழக்கமான அளவு நாளுக்கு 15 முதல் 25 மில்லிகிராம். 20 என்றால் எழுந்தவுடன் 10, மதியம் 12 மணிக்கு 5, மாலை 4 மணிக்கு 5 என்று பிரிக்கலாம். கடைசி வேளைக்கும் படுக்கைக்கும் நடுவே 4 முதல் 6 மணி நேரமாவது இருக்க வேண்டும். "சாப்பிட்ட பிறகு" என்ற சொல்லும் ஆளைக் கவிழ்க்கும். காங்கேயம் பக்கம் பால் கறக்க நாலரைக்கே எழுகிறவர், எட்டு மணி இட்லிக்காக மாத்திரையைத் தள்ளிப்போட்டால் மூன்றரை மணி நேரம் வெறும் உடம்போடு பாடுபடுகிறார். தலைமாட்டில் மாத்திரையும் தண்ணீரும் வைத்துக்கொண்டால் போதும்.

பல்லடம், அவிநாசிப் பக்கத்து மில்களில் நைட் ஷிப்ட் பார்ப்பவர்களுக்குக் கடிகாரம் கணக்கில்லை, விழிப்புதான் கணக்கு. காலை 9 மணிக்குப் படுத்து மாலை 4 மணிக்கு எழுகிறவருக்கு அந்த 4 மணிதான் விடியல். முதல் வேளை அப்போது, அடுத்தது இரவு 9, கடைசி பின்னிரவு 2 என்று வரும். ஷிப்ட் மாறும் வாரத்துக்கு டாக்டரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

காய்ச்சல் வந்துவிட்டால் நேரக் கணக்கை விட அளவுதான் முக்கியம். 100.4 டிகிரியைத் தாண்டினால் இரு மடங்கு, 102.2-ஐத் தாண்டினால் மும்மடங்கு என்பது பொதுவான விதி. வாந்தியில் மாத்திரை தங்காவிட்டால் 100 மில்லிகிராம் ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி உடனே போட்டாக வேண்டும். ஊசி கையில் இல்லையென்றால் 108-ஐ அழைப்பதே வழி.

ஆஸ்துமாவுக்கோ மூட்டுவலிக்கோ இதே வகை ஸ்டீராய்டு மாத்திரையான பிரட்னிசோலோன் சாப்பிடுகிறவர்கள் இந்தக் கணக்கைத் தங்களுக்கு எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர்கள் சொந்த யோசனையில் திடீரென நிறுத்துவதும் ஆபத்து.

மருந்தாளுநர்,
கோபிசெட்டிபாளையம்