கூடையை இறக்கிவைத்த பிறகு

இலங்கை மலையகத்தின் சுகாதார வைத்திய அதிகாரிகளுக்கும், தோட்டங்களுக்கு வந்துபோகும் குடும்பநல உத்தியோகத்தர்களுக்கும்,

வணக்கம். மாதவிடாய் நிற்கும் வயதில் எங்கள் பெண்களுக்குத் தசைக்கு வலுவூட்டும் பயிற்சியைச் சொல்லித்தாருங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன். நான் பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவள். என் அம்மா முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்தார். 50 வயதில் ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) பணத்தை எடுத்துக்கொண்டு வேலையை விட்டார். அதே வருடம் தீட்டும் நின்றுபோனது. இனிமேலாவது அம்மா உட்காரட்டும் என்று நாங்கள் சந்தோஷப்பட்டோம். சில வருடம் கழித்து லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) வாசலில் வழுக்கிக் கையை ஊன்றினார். அவ்வளவுதான், மணிக்கட்டு முறிந்துவிட்டது.

இப்போது எனக்கு 49. எனக்கும் தீட்டு நிற்கும் காலம். மார்கழிக் குளிரில் நடுராத்திரி உடம்பு திகுதிகுவென்று எரிய, கம்பளியை உதறிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். கிளினிக்கில் உடற்பயிற்சி பற்றிக் கேட்டால், "மலை ஏறி இறங்குறீங்களே, அதுக்கு மேல என்ன எக்சர்சைஸ்?" என்று சிரித்தார்கள்.

மலை ஏறுவது காலுக்கு நல்லதுதான். ஆனால் கொழுந்து பறிப்பதில் வருடக்கணக்காக ஒரே அசைவு, ஏறக்குறைய ஒரே பாரம். பழகிப்போன பாரத்தால் தசை மேலும் வலுக்காது. மாதவிடாய் நிற்கும் காலத்தில் ஈஸ்ட்ரஜன் குறைய, எலும்பு வேகமாகத் தேய்கிறது. நின்ற பிறகு ஐந்து முதல் ஏழு வருடத்தில் 20 சதவீதம் வரைகூடப் போய்விடலாம். பெரும்பாலோருக்கு மாதவிடாய் 45க்கும் 55க்கும் இடையில் நிற்கிறது. பெண்கள் ஈபிஎஃப் எடுக்கக்கூடிய வயதோ 50. எலும்புக்கு வேலை மிகவும் தேவைப்படும் நேரம் பார்த்து, எங்கள் பெண்கள் கூடையையும் இறக்கி, மலை ஏறுவதையும் நிறுத்துகிறார்கள்.

வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதற்கு ஜிம் எதற்கு? நாற்காலியில் கையூன்றாமல் எழுந்து உட்காரலாம். லயத்துச் சுவரில் கைவைத்துத் தள்ளலாம். கதவு நிலையைப் பிடித்துக் குதிகாலை உயர்த்தலாம், ஒற்றைக் காலில் நிற்கலாம். ஐந்து லீட்டர் தண்ணீர்க் கேனை இரண்டு கையிலும் தூக்கி நடக்கலாம். அது லேசாகிவிட்டால் பாரத்தைக் கூட்டவேண்டும். கூட்டாவிட்டால் அதுவும் கொழுந்துக் கூடை மாதிரிதான்.

இன்னொன்று. இருமினால், தும்மினால் சிறுநீர் சொட்டுவதை எங்கள் பெண்கள் யாரிடமும் சொல்வதில்லை. வயசானால் அப்படித்தான் என்று துணியை மடித்து வைத்துக்கொள்கிறார்கள். சிறுநீரை அடக்குவதுபோல் அடித்தசையைச் சுருக்கி, சில விநாடி பிடித்து விடும் பயிற்சியைத் தினமும் செய்தால் பலருக்கும் குறைகிறது. அதை ஒரு பெண் உத்தியோகத்தர் அருகில் உட்கார்ந்து சொல்லித்தர வேண்டும், சுவரொட்டி போதாது.

சுகவனிதையர் கிளினிக்குக்கு (பெண்களுக்கான உடல்நலப் பரிசோதனைக் கிளினிக்) 35 வயதிலும் 45 வயதிலும் எங்களை அழைக்கிறீர்கள். 45இல் வருபவர்களுக்குப் பிரஷர் பார்த்த கையோடு இருபது நிமிடம் இதையும் செய்துகாட்டுங்கள். முதுகெலும்பு தேய்ந்தவர்களும் ஏற்கெனவே எலும்பு முறிந்தவர்களும் எதைச் செய்யக்கூடாது என்பதையும் சொல்லுங்கள். குனிந்து பாரம் தூக்குவது அவர்களுக்கு ஆபத்து. அப்புறம் மாதம் ஒருமுறை பிள்ளைமடுவத்தில் (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தில்) கூடலாம், வேலையை விட்ட அம்மாக்களையும் சேர்த்து.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் வைக்காதீர்கள். அன்றுதான் எல்லோரும் பீலிக்கரையில் துணி துவைப்போம்.

இப்படிக்கு,
ஒரு தோட்டத்து மகள்